பெயர் பெற்ற வன்தட்டும் பெயரற்ற வன்தட்டும்

மாடு வாங்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான், சுழியைக் கவனிக்கிறான், நாலடி நடத்தியும் பார்க்கிறான். பொன் வாங்குகிறவனுக்கு உரைகல் இருக்கிறது. அரிசி வாங்குகிறவன் ஒரு பிடியை உள்ளங்கையிற் கொட்டிப் பார்த்த பின்பே விலை பேசுகிறான். கணினிக்கு வன்தட்டு வாங்கச் செல்பவனுக்கோ இவ்வசதிகளுள் ஒன்றேனும் இல்லை. கடைக்காரர் மேசைமேல் எடுத்து வைப்பது, திருகாணிகளால் இறுக்கி மூடப்பட்ட ஓர் உலோகப் பேழை. அதனைத் திறந்து பார்த்தால், பார்த்த கணத்திலேயே அது பயனற்றுப் போகும். எனவே, சோதனை செய்து அறிய வேண்டியதை அப்பேழையின்மேல் ஒட்டியிருக்கும் பெயரைக் கொண்டே அறிய முயல்கிறான்.

அந்தப் பெயருக்காக எவ்வளவு அதிகம் கொடுக்கலாம் என்பதே வாங்குவோரை மயக்கும் வினா. ஒரு புறத்தில் உலகறிந்த நிறுவனத்தின் முத்திரை தாங்கிய தட்டு இருக்கிறது. மறு புறத்தில் அதே கொள்ளளவு உடையது என்று சொல்லப்படும் இன்னொன்று, ஒருவரும் கேள்விப்படாத பெயருடன், மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. மின்விசிறியோ கைவிளக்கோ ஆனால், மலிவானதை வாங்கி ஏமாந்தாலும் நட்டம் விலையோடு முடிந்துவிடும். வன்தட்டின் கதை வேறு. திருமணப் படங்களும், மறைந்த தாயின் குரற் பதிவும், மாணவன் மூன்றாண்டு உழைத்து எழுதிய ஆய்வேடும், வணிகரின் கணக்கும் அதற்குள்ளே குடியிருக்கின்றன. தட்டுக்கு விலை உண்டு. இவற்றுக்கு விலை இல்லை.

பெயரைப் பற்றிப் பேசுமுன் பொருளைப் பற்றிச் சிறிது அறிதல் நன்று. வன்தட்டினுள்ளே காந்தப் பூச்சுப் பூசிய, கண்ணாடிபோல் மழமழப்பான வட்டத் தகடுகள் ஓர் அச்சிற் கோக்கப்பட்டு, நிமிடத்துக்கு 5,400 தடவை அல்லது 7,200 தடவை சுழல்கின்றன. அவற்றின்மேல் நுண்ணிய எழுதுதலைகள் இங்குமங்கும் ஓடி, காந்தப் புள்ளிகளாகச் செய்திகளைப் பதிக்கின்றன. பதித்தவற்றை மீண்டும் வாசிக்கின்றன. தலை தகட்டைத் தொடுவதில்லை. சுழற்சியால் எழும் மெல்லிய காற்றுப் படுக்கையின்மேல் அது மிதக்கிறது. அந்த இடைவெளி மனிதரின் தலைமயிர்த் தடிப்பிற் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி அங்கே பெரும் பாறைக்கு ஒப்பாகும். பேழையை வீட்டிலே திறக்கலாகாது என்பதற்குக் காரணமும் இதுவே.

இத்தகைய முதற் கருவியை ஐ.பி.எம். நிறுவனம் 1956ஆம் ஆண்டிலே கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் உருவாக்கி வெளியிட்டது. ரெனால்ட் ஜோன்சன் என்பவரின் தலைமையில் அமைந்த குழுவினர் இதனைச் செய்தனர். 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகளைக் கொண்ட அந்த இயந்திரம் ஒரு தொன்னுக்கு மேல் நிறையுடையது. அத்தனை பெரிய உடம்பில் 50 இலட்சம் எழுத்துக்களே அடங்கின. இன்று ஒரு கையில் அடங்கும் தட்டு அதனைப்போற் பல இலட்சம் மடங்கு கொள்கிறது.

அதன்பின் வந்த காலத்தில் 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் வன்தட்டு செய்யும் தொழிலில் இறங்கின. ஆயினும் எழுதுதலை செய்வதற்கும் தகடு பூசுவதற்கும் வேண்டிய நுட்பமும் முதலீடும் ஆண்டுக்காண்டு பெருகின. சிறியவற்றைப் பெரியவை விழுங்கின. கொனர் நிறுவனம் 1996இல் சீகேற் நிறுவனத்துடன் சேர்ந்தது. குவாண்டம் நிறுவனத்தின் வன்தட்டுத் தொழிலை 2001இல் மக்ஸ்டர் வாங்கிற்று. அந்த மக்ஸ்டரை 2006இல் சீகேற் வாங்கிற்று. தொழிலைத் தொடங்கி வைத்த ஐ.பி.எம். நிறுவனமே தன் வன்தட்டுப் பகுதியை ஹிற்றாச்சிக்கு விற்றது. 2012இல் அது வெஸ்டேர்ன் டிஜிற்றல் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. புஜிற்சுவின் பகுதி 2009இல் தொஷிபாவிடமும், சாம்சுங்கின் பகுதி 2011இல் சீகேற்றிடமும் சேர்ந்தன. முடிவில் எஞ்சியவை மூன்று: சீகேற், வெஸ்டேர்ன் டிஜிற்றல், தொஷிபா.

இந்த வரலாற்றிலேதான் வாங்குவோருக்கு வேண்டிய முதலாவது பாடம் இருக்கிறது. சுழலும் வன்தட்டுகளைப் பொறுத்தவரை, பெயரற்ற தட்டு என்று ஒன்று உலகில் இல்லை. பெயர் இல்லாத சவர்க்காரம் உண்டு. பெயர் இல்லாத செருப்பு உண்டு. அவற்றை எந்தச் சிறு தொழிற்சாலையும் செய்யலாம். வன்தட்டு அப்படிச் செய்யத் தக்கதன்று. ஆகவே கேள்விப்படாத பெயருடன் ஒரு தட்டு விற்பனைக்கு வருமாயின், கேட்க வேண்டிய கேள்வி, 'இதனைச் செய்தவர் யார்?' என்பதன்று, 'அந்த மூவரிடமிருந்து இது எந்த வழியாக இங்கு வந்தது?' என்பதே.

வழிகள் மூன்று உண்டு. முதலாவது நேரிய வழி. ஒரு வணிக நிறுவனம் அம்மூவருள் ஒருவரிடம் தட்டு வாங்கி, தானே செய்வித்த பெட்டிக்குள் அடைத்து, தன் பெயரிட்டு விற்கிறது. வெளியே இணைக்கும் வன்தட்டுகள் பல இவ்வாறு வருபவை. இதிற் குற்றமில்லை. உள்ளே இருக்கும் தட்டு எந்த மாதிரி என்று வாங்குவோருக்குத் தெரியாது என்பதும், நிறுவனம் அதனை இடையில் மாற்றலாம் என்பதுமே குறை.

இரண்டாவது வழி, உழைத்துக் களைத்த தட்டு மீண்டும் சந்தைக்கு வருவது. பெரிய தரவு நிலையங்கள் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை தம் தட்டுகளைக் கூட்டமாக மாற்றுகின்றன. கழிக்கப்பட்டவற்றைச் சிலர் வாங்கித் துடைத்து, பழைய சீட்டை உரித்து, வெறும் வெள்ளைச் சீட்டு ஒட்டி விற்கின்றனர். பழையது என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் அஃது ஒரு வகை வாணிகம். புதியது என்று சொன்னால் அது வஞ்சகம். இவ்வஞ்சகம் பெயர் பெற்ற தட்டுகளையும் விட்டபாடில்லை. சீகேற் நிறுவனத்தின் உயர்தரத் தட்டுகள் புதியவை என்று விற்கப்பட்டும் உண்மையிற் பல்லாயிரம் மணி நேரம் உழைத்தவையாய் இருந்ததை, 2025 ஜனவரியில் ஜேர்மனியின் ஹைஸே என்னும் செய்தி நிறுவனம் வெளிப்படுத்திற்று. உழைத்த நேரத்தைக் காட்டும் வழமையான கணக்கு அழிக்கப்பட்டிருந்தது; தட்டின் ஆழத்தில் இருந்த வேறொரு பதிவேடு உண்மையைக் காட்டிக் கொடுத்தது. பெயர் மெய்யாகவே இருந்தது. 'புதியது' என்ற சொல்லே பொய்.

மூன்றாவது வழி முழுப் பொய். அழகான சிறு பெட்டி. அதன்மேல் 16 டெராபைற்று என்ற பொறிப்பு. நம்ப முடியாத விலை. உள்ளே இருப்பது கைபேசியிற் பொருத்தும் சிறு நினைவக அட்டை. அதனை ஆளும் நிரல், தனக்கு 16 டெராபைற்றுக் கொள்ளளவு உண்டு என்று கணினியிடம் பொய்யுரைக்கிறது. கணினி அதனை நம்பிக் கோப்புகளை அனுப்புகிறது. உண்மையான இடம் நிரம்பியபின் வருபவை முன்னையவற்றின்மேல் எழுதப்படுகின்றன, அல்லது ஒன்றுமின்றி மறைகின்றன. கோப்புகளின் பெயர்ப் பட்டியல் மாத்திரம் ஒழுங்காகத் தெரியும். திறந்து பார்க்கும் நாளிலேதான் படம் இல்லை என்பது தெரிய வரும். மலிவு வாங்கியவன் மாதக்கணக்காகத் தன் நினைவுகளைக் கிணற்றிலே போட்டுக் கொண்டிருந்தான் என்பதே இதன் பொருள்.

இவற்றையெல்லாம் கேட்டவர், பெயர் பெற்றதை வாங்கினால் அச்சமில்லை என்று முடிவு செய்வாராயின் அதுவும் அவசரமே. பெயர் ஒரு பொய்யை விலக்கும், பழுதை விலக்காது. ஐ.பி.எம். நிறுவனம் 2000ஆம் ஆண்டிலே வெளியிட்ட 'டெஸ்க்ஸ்டார் 75 ஜி.எக்ஸ்.பி.' என்ற மாதிரி, வாங்கியோர் பலரின் கையிற் பழுதாகி, 2001இல் வழக்கு வரை சென்றது. 'டெஸ்க்ஸ்டார்' என்ற பெயரை மக்கள் 'டெத்ஸ்டார்', அதாவது மரணத் தாரகை, என்று திரித்து வழங்கினர். வன்தட்டைக் கண்டுபிடித்த நிறுவனத்தின் பெயரைவிடப் பெரிய பெயர் இத்தொழிலில் வேறெது?

தனி மனிதர் ஒருவரின் அனுபவம் இங்கே சான்றாகாது. இரண்டு தட்டு வாங்கி இரண்டும் நன்றாய் ஓடியவர் அப்பெயரைப் புகழ்வார். ஒன்று வாங்கி அது பழுதானவர் தூற்றுவார். ஆயிரக்கணக்கிற் பார்த்தவர்களின் கணக்கே பயன்படும். 2007ஆம் ஆண்டிலே இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியாங்கா ஷ்ரோடர், கார்த் கிப்சன் ஆகிய இருவரும் சுமார் ஓர் இலட்சம் தட்டுகளின் வரலாற்றை ஆராய்ந்தனர். செய்தவர்கள் சொன்ன கணக்குப்படி ஆண்டொன்றில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே பழுதாக வேண்டும். மாற்றப்பட்டவையோ பொதுவாக நூற்றுக்கு 2 முதல் 4 வரை இருந்தன. சில இடங்களில் 13 வரை சென்றன. அதிக விலையுள்ள உயர்வகைத் தட்டுகள் சாதாரண வகையைவிட நீண்ட காலம் உழைத்தன என்பதற்கும் அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை.

அதே ஆண்டிலே கூகிள் நிறுவனத்தினரும் தம்மிடமிருந்த ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட தட்டுகளைப் பற்றி எழுதினர். பழுது என்பது மாதிரியையும், செய்தவரையும், செய்த காலத்தையும் பொறுத்து வேறுபடும் என்ற பொதுக் கருத்துக்குத் தம் கணக்கு மாறாக இல்லை என்றனர். வேறொன்றும் சொன்னார்கள், அது கருத்தில் இருத்தத் தக்கது. ஒவ்வொரு தட்டும் தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கிறது. எனினும் பழுதான தட்டுகளுள் மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை, அப்பதிவிலே ஓர் எச்சரிக்கையும் காட்டாமலே மாண்டன.

அண்மைக் காலத்துக் கணக்கு, கோப்புகளைக் காத்து வைக்கும் தொழில் செய்யும் பாக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனத்திடமிருந்து கிடைக்கிறது. தன் தட்டுகளின் பழுதை மாதிரி வாரியாக அது பல ஆண்டுகளாக வெளியிட்டு வருகிறது. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட தட்டுகளில் ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு எத்தனை பழுதாயின எனில், 2021இல் 1.01, 2022இல் 1.37, 2023இல் 1.70, 2024இல் 1.57. இவை சராசரி. மாதிரிகளுக்கிடையே உள்ள வேறுபாடே பெரியது. சீகேற் நிறுவனத்தின் 3 டெராபைற்று மாதிரி ஒன்று அந்த நிலையத்திலே மிக மோசமாகப் பழுதாகியது. அதே நிறுவனத்தின் 4 டெராபைற்று மாதிரி நன்றாக உழைத்தது. பெயர் ஒன்று, நடத்தை இரண்டு. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே குணத்தினர் அல்லர் அல்லவா?

ஆகவே, பெயரை வாசித்தவர் அதன் கீழே உள்ள மாதிரி எண்ணையும் வாசிக்க வேண்டும். ஒரே நிறுவனம் வீட்டுக் கணினிக்கு ஒன்று, ஓயாமல் ஓடும் சேமிப்பகத்துக்கு ஒன்று, காவற் கமராவுக்கு ஒன்று, தரவு நிலையத்துக்கு ஒன்று எனப் பல வகை செய்கிறது. உத்தரவாதக் காலமும் வகைக்கேற்ப மாறும். பொதுவாக வீட்டு வகைக்கு 2 ஆண்டு, சேமிப்பக வகைக்கு 3 ஆண்டு, தரவு நிலைய வகைக்கு 5 ஆண்டு. தான் செய்த பொருளைத் தானே எவ்வளவு காலம் நம்புகிறது என்பதை நிறுவனம் இங்கே கையெழுத்திட்டுச் சொல்கிறது.

எழுதும் முறையிலும் ஒரு வேறுபாடு உண்டு. சில தட்டுகளிற் பதிவுக் கோடுகள் ஒன்றையொன்று தொடாமல் பக்கம் பக்கமாக அமையும். வேறு சிலவற்றில், ஓட்டுக் கூரையிலே ஒன்றின்மேல் ஒன்று படிய ஓடு வேய்ந்தாற்போல, ஒரு கோடு அடுத்த கோட்டின் விளிம்பை மூடிப் படியும். இதனாற் குறைந்த இடத்தில் அதிகம் அடங்கும், விலையும் குறையும். ஆனால் நடுவில் உள்ள ஓர் ஓட்டை மாற்ற விரும்புகிறவன் அதன்மேற் படிந்த ஓடுகளையும் எடுக்க வேண்டியிருப்பதுபோல, சிறிது திருத்துவதற்கும் பல கோடுகளைத் திரும்ப எழுத வேண்டும். படங்களை ஒருமுறை எழுதி வைப்பவருக்கு இது போதும். ஓயாமல் எழுதி அழிப்பவருக்கு ஆகாது. சில மாதிரிகளில் இம்முறையைக் கையாண்டதை மூன்று நிறுவனங்களும் வெளிப்படையாகக் குறிப்பிடாமல் விற்றமை 2020ஆம் ஆண்டிலே வெளிவந்து பெருங் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. பெயர் பெற்றவரிடமும் கேள்வி கேட்டு வாங்க வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இதுவரை சொன்னவை சுழலும் தட்டுக்கு உரியவை. எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தின் நிலை வேறு. அதிலே சுழலும் பகுதி எதுவும் இல்லை. நினைவகச் சில்லுகளும், அவற்றை ஆளும் ஒரு கட்டுப்பாட்டுச் சில்லுமே உண்டு. இவற்றை வாங்கி ஒரு பலகையிற் பொருத்த வல்ல எவரும் ஒரு பெயரிட்டு விற்கலாம். உண்மையான பெயரற்ற பொருள் இங்கேதான் இருக்கிறது. சாம்சுங், மைக்ரோன் போன்ற சில்லு செய்வோர் தம் சில்லுகளுள் எவை நல்லவை என்பதைத் தாமே அறிவர். பெயரற்ற பலகையில் எந்தத் தரத்துச் சில்லு ஏறியது என்பதையோ, இன்று வாங்கியதும் அடுத்த மாதம் வாங்குவதும் ஒன்றுதானா என்பதையோ உறுதிப்படுத்த வழியில்லை. பெயருக்காகச் சிறிது கூடக் கொடுப்பதற்கு இங்கே நியாயம் அதிகம். தன் வாழ்நாளில் எத்தனை டெராபைற்று எழுதத் தாங்கும் என்று உத்தரவாதச் சீட்டிலே எண் தந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மின்னூட்டம் இன்றி ஆண்டுக்கணக்கில் அலுமாரியில் வைப்பதற்கு இவ்வகை ஏற்றதன்று. சில்லில் உள்ள மின்னேற்றம் மெல்லக் கசியும்.

கடையில் நிற்பவருக்கு உதவும் ஒழுங்கு இதுவாகும். அந்த மூவருள் ஒருவரின் தட்டை, உத்தரவாதம் தரும் கடையில் வாங்க வேண்டும். தொடரெண்ணை நிறுவனத்தின் இணையத்தளத்திற் பதிந்து, உத்தரவாதம் எந்நாள் முடிகிறது என்று பார்க்க வேண்டும். புதிய தட்டுக்குப் பழைய திகதி வருமாயின் திருப்பிக் கொடுப்பதே தகும். தட்டின் உடல்நிலைப் பதிவைக் காட்டும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும். உழைத்த நேரம் புதிய தட்டில் ஏறக்குறையச் சுழியமாக இருக்க வேண்டும். முழுக் கொள்ளளவையும் எழுதி மீள வாசிக்கும் சோதனையை ஒரு தடவை செய்துவிட்டால், பொய்த் தட்டு தன்னைக் காட்டிக் கொடுக்கும். 1 டெராபைற்று என்று வாங்கியது கணினியிலே 931 என்று தெரிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. விற்பவர் ஆயிரத்தால் எண்ணுகிறார், கணினி 1,024ஆல் எண்ணுகிறது, பொருள் ஒன்றே.

இவ்வளவும் செய்த பின்னரும் உத்தரவாதத்தின் எல்லையை மறத்தல் கூடாது. பழுதான தட்டுக்குப் பதிலாக நிறுவனம் இன்னொரு தட்டுத் தரும். அது வெறுந் தட்டு. அதற்குள் இருந்த குரலையும் முகத்தையும் எந்த நிறுவனமும் திருப்பித் தருவதில்லை.

இங்கேதான் விலையைப் பற்றிய கணக்கு மாறுகிறது. ஆண்டுக்கு நூற்றுக்கு 2 பழுதாகும் சாதாரண தட்டையும், நூற்றுக்கு 1 பழுதாகும் சிறந்த தட்டையும் எடுத்துக் கொள்ளலாம். சிறந்ததை வாங்குகிறவனின் அபாயம் பாதியாகக் குறைகிறது. சாதாரண தட்டில் இரண்டை வாங்கி, இரண்டிலும் ஒன்றையே பதிந்து வைப்பவனுக்கோ, இரண்டும் ஒரே ஆண்டிற் பழுதாகும் வாய்ப்பு 10,000க்கு 4 மாத்திரமே. அபாயம் ஐம்பதில் ஒரு பங்காகிறது. முதலாவது பழுதானவுடனே அதற்குப் பதில் இன்னொன்று வைப்பானாயின் இன்னும் குறையும்.

இக்கணக்குப் பொய்க்காமல் இருப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒன்றுக்கு வரும் கேடு மற்றதற்கும் சேர்ந்து வரலாகாது. ஒரே நாளில் ஒரே தொகுதியிலிருந்து வாங்கிய இரட்டையர் ஒரே குறையோடு பிறந்திருக்கலாம். ஒரே அலுமாரியில் வைத்த இரண்டையும் ஒரே வெள்ளமோ திருடனோ கொண்டு போகலாம். இரண்டும் எந்நேரமும் கணினியோடு இணைந்திருந்தால் ஒரு மின்னதிர்ச்சியே இரண்டையும் அழிக்கலாம். இதற்காகவே அறிந்தோர் 3-2-1 என்று ஒரு விதி வகுத்துள்ளனர்: பிரதிகள் 3, அவை 2 வகையான ஊடகங்களில், அவற்றுள் 1 வேறோர் இடத்தில். வேறோர் இடம் என்பது இணையச் சேமிப்பாகவும் இருக்கலாம். நம்பிக்கையான உறவினரின் வீடாகவும் இருக்கலாம்.

பெயரற்றதும் பெயர் பெற்றதும் எதிரெதிராக நிற்கும் வினாவுக்கு விடை இவ்வளவில் அமைகிறது. மூலம் தெரியாத மலிவை ஒதுக்க வேண்டும். அங்கே மிச்சம் பிடிப்பது, ஏமாற்றுவோனுக்கு இடம் கொடுப்பதாகும். பெயர் பெற்றவற்றுள்ளே மிக உயர்ந்த விலையைத் தேடி ஓடுதலும் வீட்டுக்கு வேண்டியதன்று. தேவைக்கேற்ற நேரிய தட்டொன்றை வாங்கி, எஞ்சும் பணத்துக்கு இரண்டாவதை வாங்குவதே அறிவுடைமை. இரண்டாவதை வாங்கியவர் அதிலே பதிந்து முடிக்கும் வரை அதுவும் வெறும் பேழையே. பதிந்து, ஒரு படத்தையேனும் திறந்து பார்த்து, வேறு வீட்டிலே வைத்த நாள் முதற்கொண்டு, முதலாவது தட்டின்மேல் எந்தப் பெயர் ஒட்டியிருந்தது என்பது அத்துணை பெரிய விடயமாக இராது.